ஜெயிச்ச கணக்குல வராத ஆளு

கேன்சஸ் யூனிவர்சிட்டி ஆண்கள் பாஸ்கெட்பால் டீமுக்கு 1898லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் மொத்தமே எட்டு ஹெட் கோச்சுங்கதான். அதுல ஏழு பேரு ஜெயிச்சது அதிகம், தோத்தது கம்மி. ஒருத்தரு மட்டும் 55 ஜெயிச்சு 60 தோத்து மைனஸ்ல நிக்கிறாரு. அவருதான் ஜேம்ஸ் நெய்ஸ்மித். அந்த ஆட்டத்தையே கண்டுபுடிச்ச மனுஷன்.

அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால் பாக்குறவங்க நாலு பேரு சேந்தா இந்த விஷயம் எப்புடியும் வந்துரும், எல்லாரும் சிரிப்பாங்க, அப்புறம் யாரு எத்தன தேசிய டைட்டில் எடுத்தாங்கங்குற கணக்குக்கு போயிருவாங்க. யூசிஎல்ஏ 11, கென்டக்கி 8, கேன்சஸ் வெறும் 4, அப்புறம் என்ன பெரிய கேன்சஸ்னு ஒருத்தன் ஆரம்பிப்பான். என் கட்சி வேற. கேன்சஸுக்கு நான் குடுக்குற மரியாத அங்கேருந்து வெளிய போன ஆளுங்களுக்காக, அதுலயும் அந்த டீம்ல ஒரு நிமிஷம்கூட ஆட விடாத ஒரு ஆளுக்காக. அவரு கதைக்கு வரேன், கொஞ்சம் பொறுங்க.

மொதல்ல நெய்ஸ்மித். 1891 டிசம்பர்ல மாசசூசெட்ஸ் ஸ்பிரிங்ஃபீல்டுல, பனிக்காலத்துல வெளிய போக முடியாம உள்ளயே அடங்காம ஆடிக்கிட்டு இருந்த பசங்களுக்காக ரெண்டு பீச் பழக்கூடைய மேல மாட்டி 13 ரூல் எழுதி ஒட்டுனாரு, அவ்வளவுதான் ஆரம்பம். அது ஒய்.எம்.சி.ஏ. ட்ரெய்னிங் ஸ்கூல், அதனால அந்த ஆளுங்க போன ஊருக்கெல்லாம் ஆட்டமும் கூடவே போச்சு. (1920ல மெட்ராஸ்ல உடற்கல்விக் கல்லூரி தொடங்குன ஹாரி க்ரோ பக்கும் ஒய்.எம்.சி.ஏ. ஆளுதான். நந்தனம் கிரவுண்டுல ஆடுனவங்க யாராச்சும் இருந்தா கைய தூக்குங்க.) நெய்ஸ்மித் அதுக்கப்புறம் டென்வர்ல டாக்டருக்கு படிச்சாரு, 1898ல கேன்சஸ்ல லாரென்ஸ் ஊருக்கு வந்தாரு. வந்தது பாஸ்கெட்பால் கோச்சா இல்லங்க. யூனிவர்சிட்டி சேப்பலுக்கும் உடற்பயிற்சிக்கும் பொறுப்பா வந்தாரு. டீம் கூடவே ஒட்டிக்கிட்டு வந்தது. 1899 பிப்ரவரில மொத மேட்ச், கேன்சஸ் சிட்டி ஒய்.எம்.சி.ஏ. கூட, 16-5ன்னு தோத்தாங்க.

அவருக்கு ஜெயிக்கணும்னு பெரிய வெறியெல்லாம் கெடயாது. அது பசங்க உடம்ப நல்லா வெச்சுக்க கண்டுபுடிச்ச ஆட்டம், அவ்வளவுதான் அவரு கணக்கு. அவருகிட்ட ஆடுன ஃபாக் ஆலன் ஒரு காலேஜுக்கு கோச்சா போறேன்னு வந்து நின்னப்ப, பாஸ்கெட்பாலுக்கு எதுக்குய்யா கோச், அது சும்மா ஆடுறதுன்னு சொன்னாராம். ஆலன் கேக்கல. பேக்கர், ஹாஸ்கெல், கேன்சஸ்னு ஒரே சீசன்ல மூணு காலேஜுக்கு கோச்சிங் குடுத்த ஆளு அவரு, அவருகிட்ட போயி கோச்சே வேணாம்னா எப்புடி கேப்பாரு! 1907லேர்ந்து ரெண்டு வருஷம், அப்புறம் 1919லேர்ந்து 1956 வரைக்கும் கேன்சஸ்ல இருந்து 590 மேட்ச் ஜெயிச்சாரு. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ்ல பாஸ்கெட்பால் வந்ததுக்கு அவரோட விடாப்பிடிதான் பெரிய காரணம். வயசான நெய்ஸ்மித் பெர்லினுக்கே போயி கண்ணால பாத்தாரு. ஃபைனல வெட்டவெளில களிமண் தரையில கொட்டுற மழையில ஆடுனாங்க, அமெரிக்கா 19, கனடா 8. பந்த தட்டிக்கிட்டு ஓடவே முடியல, தட்டுனா சேத்துல பொதக்குனு நின்னுரும்.

ஆலன்கிட்ட ஆடுனவங்கள பாருங்க. 1920கள்ல பெஞ்ச்ல உக்காந்திருந்த அடால்ஃப் ரப் கென்டக்கிக்கு போயி நாலு டைட்டில் எடுத்தாரு. 1952ல கேன்சஸ் ஜெயிச்சப்ப பெஞ்ச்ல இருந்த டீன் ஸ்மித் நார்த் கரோலினாவையே தூக்கி நிறுத்துனாரு, ரெண்டு டைட்டில், 879 ஜெயிப்பு. அதாவது டைட்டில் கணக்குல கேன்சஸ மட்டம் தட்ட நீங்க இழுக்குற கென்டக்கி, நார்த் கரோலினா ரெண்டையும் பெருசாக்குன ஆளுங்க கேன்சஸ் பெஞ்ச்லேர்ந்து போனவங்க. இந்த வம்சாவளி எல்லாருக்கும் தெரியும், கேன்சஸ் ரசிகருங்க பெருமையா சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க. அவங்க அவசரமா தாண்டிப் போற ஒரு பேரு இருக்கு, ஜான் மெக்லெண்டன்.

மெக்லெண்டன் கறுப்பர். கேன்சஸ்ல ஹயாவதாங்குற ஊர்ல பொறந்தவரு, கோச் ஆகணும்னு சின்ன வயசுலேர்ந்து ஆச. 1930கள்ல அவங்கப்பா கார்ல கொண்டாந்து யூனிவர்சிட்டில எறக்கிவிட்டு, நெய்ஸ்மித்னு ஒருத்தரு இருப்பாரு, நேரா போயி நீங்கதான் எனக்கு அட்வைசர்னு சொல்லுன்னு அனுப்பிட்டாரு. பையனும் அப்புடியே போயி சொன்னான். யாருப்பா சொன்னான்னு கேட்டாரு நெய்ஸ்மித். எங்கப்பான்னான். அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும், உள்ள வான்னுட்டாரு. அட்மிஷன் கெடச்சுது, வாத்தியாரு கெடச்சாரு, டீம்ல மட்டும் எடம் கெடயாது. கேன்சஸ் டீம்ல அப்ப கறுப்பர்கள சேக்கவே மாட்டாங்க. டீம நடத்துனது யாரு? மேல புகழ்ந்து தள்ளுன அதே ஃபாக் ஆலன்தான். இத சொல்லாம ஆலன் புராணம் பாடுறது எனக்கு ஒத்து வராது.

நீச்சல் குளம் கதை இன்னும் மோசம். உடற்கல்வி டிகிரி வேணும்னா நீச்சல் தெரியணும், ஆனா கறுப்பர் குளத்துல எறங்கக் கூடாது. மெக்லெண்டன் எறங்கிட்டாரு. அவரு கரையேறுனதும் தண்ணிய மொத்தமா தெறந்துவிட்டு காலி பண்ணாங்க. அவரு விடல, சண்ட போட்டாரு, நெய்ஸ்மித் பின்னாடி நின்னாரு. சரி, ரெண்டு வாரம் எல்லாருக்கும் தெறந்துவிட்டு பாப்போம், பிரச்சன ஒண்ணும் வரலன்னா அப்புடியே விட்றலாம்னு பேச்சு முடிஞ்சுது. இவரு என்ன பண்ணாரு, கறுப்பு பசங்கள எல்லாம் கூப்புட்டு அந்த ரெண்டு வாரம் ஒருத்தரும் குளத்து பக்கமே எட்டிப் பாக்காதீங்கடான்னுட்டாரு. யாருமே போகாத எடத்துல பிரச்சன எப்புடி வரும்? குளம் எல்லாருக்கும் தெறந்தாச்சு. இருவது வயசு பையனோட மூளைய பாருங்க!

1936ல டிகிரி வாங்குனாரு. அப்புறம் நார்த் கரோலினா டர்ஹாம்ல கறுப்பு மாணவர்களுக்கான காலேஜ்ல கோச். மத்தவங்க ஆற அமர பந்த பாஸ் பண்ணிக்கிட்டு இருந்த காலத்துல இவரு டீம் பந்து கைக்கு வந்த அடுத்த நொடி எதிர் கூடைக்கு ஓடும், பந்து போச்சுன்னா கோர்ட் முழுக்க வெரட்டும். பந்து எங்க இருக்கோ அங்கதான் ஆட்டம்னு நெய்ஸ்மித்கிட்ட கத்துக்கிட்டேன்னு கடைசி வரைக்கும் சொன்னாரு. கோச்சே வேணாம்னு சொன்ன மனுஷன்கிட்டேர்ந்து இப்புடி ஒரு கோச் வந்திருக்காரு பாருங்க.

1944 மார்ச் 12, ஞாயித்துக்கெழம காலைல. அதே டர்ஹாம்ல ட்யூக் யூனிவர்சிட்டி மெடிக்கல் ஸ்கூல்ல வெள்ளக்கார பசங்க டீம் ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு டீமும் மோதணும்னு முடிவாச்சு. கறுப்பரும் வெள்ளயரும் சேந்து ஆடுனா அப்ப அங்க ஜெயில், இல்லன்னா அதவிட மோசமா ஏதாச்சும் நடக்கும். ஊரே சர்ச்சுல இருக்குற நேரமா பாத்து வெச்சாங்க. ட்யூக் பசங்க நேர் ரோட்டுல வராம சந்து பொந்தெல்லாம் சுத்தி வந்து, கோட்ட தலைக்கு மேல போத்திக்கிட்டு ஜிம்முக்குள்ள பூந்தாங்க, கதவ பூட்டியாச்சு. ரெஃப்ரி உண்டு, கடிகாரம் உண்டு, உள்ள ஆடியன்ஸ் கெடயாது. ஸ்கோர் 88-44, மெக்லெண்டன் பசங்க ஜெயிச்சாங்க. எனக்கு அந்த ஸ்கோர விட அப்புறம் நடந்ததுதான் முக்கியம். கொஞ்ச நேரம் ரெஸ்ட் எடுத்துட்டு ஆளுங்கள கலந்து பிரிச்சு, ஒரு பக்கம் சட்டையோட ஒரு பக்கம் சட்டை இல்லாம, இன்னொரு கேம் ஆடுனாங்க. 1990கள்ல ஒரு வரலாற்று ஆய்வாளர் தோண்டி எடுக்குற வரைக்கும், அம்பது வருஷத்துக்கு வெளிய மூச்சு விடல.

இப்ப 1957 மார்ச்சுக்கு வாங்க. கேன்சஸ் சிட்டி முனிசிபல் ஆடிட்டோரியம், லாரென்ஸ்லேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. கேன்சஸ் டீம்ல ஏழடி வில்ட் சேம்பர்லைன். அவர ஃபிலடெல்ஃபியாலேர்ந்து பேசி பேசி கூட்டியாந்தது ஆலன், ஆனா 70 வயசு ஆயிருச்சுன்னு 1956ல அவர வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, ஒரு மேட்ச்கூட வில்ட வெச்சு ஆட வெக்க முடியல, பாவம். கறுப்பர சேக்காத அதே ஆளு இருவது வருஷம் கழிச்சு ஒரு கறுப்பு பையன் வீட்டு வாசல்ல போயி நின்னாருங்குறது தனி கதை. பெரிய காலேஜுங்களுக்கான என்சிஏஏ டோர்னமென்ட் ஃபைனல்ல நார்த் கரோலினா கோச் ஃப்ராங்க் மெக்வயர், ஆட்டம் ஆரம்பிக்க பந்த மேல தூக்கிப் போடுற ஜம்ப் பாலுக்கு வில்ட் எதுக்க, ஆட எறக்குன அஞ்சு பேர்லயே குள்ளமான டாமி கேர்ன்ஸ அனுப்புனாரு, சும்மா சீண்டிவிட. மூணு ஓவர்டைம் போச்சு. 54-53, கேன்சஸ் ஒரு பாயின்ட்ல தோத்துச்சு. இத பத்தி எழுதாத ஆளே இல்ல.

அதே மாசம், அதே ஆடிட்டோரியத்துல, சின்ன காலேஜுங்களுக்கான என்ஏஐஏ டோர்னமென்ட்ல டென்னஸி ஏ அண்ட் ஐங்குற கறுப்பு காலேஜ் டைட்டில் எடுத்துச்சு. கோச் யாரு? மெக்லெண்டன். 57, 58, 59ன்னு தொடர்ச்சியா மூணு வருஷம் அதே எடத்துல. வரிசையா மூணு தேசிய டைட்டில் எடுத்த மொத காலேஜ் கோச் அவருதான், யூசிஎல்ஏ கோச் ஜான் வுடனெல்லாம் அப்ப ஒரு டைட்டில்கூட எடுக்கல. கேன்சஸ் டீமுக்கு உக்காந்து அழுதவங்கள்ல எத்தன பேருக்கு, நம்ம யூனிவர்சிட்டி பையன் ஒருத்தன் இதே ஹால்ல ஜெயிச்சுட்டு போனான்னு தோணிருக்கும்?

மிச்சத்த வேகமா சொல்லிர்றேன், ஏன்னா அது யூட்யூப்லயே இருக்கு. 1988ல 11 மேட்ச் தோத்த டீம் டேனி மேனிங் ஒத்த ஆளா இழுத்து டைட்டில் ஜெயிச்சுது, ஃபைனல்ல 31 பாயின்ட் 18 ரீபவுண்ட். 2008 ஃபைனல்ல மாரியோ சால்மர்ஸ் 2.1 செகண்ட் இருக்கும்போது தூரத்துலேர்ந்து போட்ட மூணு பாயின்ட் கூடை. 2022 ஃபைனல்ல பாதி ஆட்டத்துல 15 பாயின்ட் பின்னாடி இருந்து வந்து நார்த் கரோலினாவ 72-69ன்னு முடிச்சது, அன்னிக்கு கத்துன கத்துல எனக்கு ரெண்டு நாள் தொண்ட இல்ல. நடுவுல ஷூ கம்பெனி காசு விவகாரத்துல மாட்டி, 2018ல கடைசி நாலு டீம்ல ஒண்ணா வந்த ஃபைனல் ஃபோரையே ரெக்கார்டுலேர்ந்து எடுத்துட்டாங்க. எடுத்தது சரியான்னு சண்ட போட்டுக்கிட்டே இருக்கலாம், ஆனா ஆஃபீஸ்ல உக்காந்து ஒரு பேனாவால அழிக்க முடியுற கணக்க வெச்சுக்கிட்டு யாரு பெரிய ஆளுன்னு முடிவு பண்றது எனக்கு ஆகாத காரியம்.

லாரென்ஸ்ல அரங்கத்துக்கு ஆலன் பேரு, ஆடுற தரைக்கு நெய்ஸ்மித் பேரு. அந்த 13 ரூல் டைப் அடிச்ச ஒரிஜினல் தாள 2010ல டேவிட் பூத்னு கேன்சஸ் பழைய மாணவர் ஒருத்தரு ஏலத்துல 43 லட்சம் டாலருக்கு எடுத்து ஊருக்கே கொண்டாந்துட்டாரு, இப்ப ஆலன் ஃபீல்ட்ஹவுஸ ஒட்டி தனி கட்டடம் கட்டி வெச்சிருக்காங்க. ரொம்ப நல்ல விஷயம், கொற சொல்லல. ஆனா நெய்ஸ்மித் பேர்லயே நடக்குற ஹால் ஆஃப் ஃபேம் 1979ல மெக்லெண்டன சேத்தப்ப பங்களிப்பாளர்னு சேத்துச்சு, கோச்னு இல்ல. 1999 அக்டோபர்ல அவரு எறந்தாரு, சில நாள் கழிச்சு அதே மாசம் வில்ட்டும் போயிட்டாரு. கோச்னு அவர சேத்தது 2016ல. மூணு டைட்டில் எடுத்த மனுஷன கோச்னு ஒத்துக்க இவ்வளவு வருஷம் ஏன் ஆச்சுன்னு டைட்டில் கணக்கு எடுத்துக்கிட்டு வர்றவங்க யாராச்சும் கமென்ட்ல சொல்லுங்க, அதுக்கப்புறம் யூசிஎல்ஏ பத்தி பேசலாம்.