ரோமை டிக்கெட் கணக்கில் பார்க்காதீர்கள்

ரோமுக்குக் கிளம்புகிறவர்கள் யாரிடம் பேசினாலும் முதலில் வருவது டிக்கெட் கணக்குதான். கொலோசியத்துக்கு இவ்வளவு, வாடிகன் அருங்காட்சியகத்துக்கு இவ்வளவு, வழிகாட்டி வைத்தால் மேலும் இவ்வளவு. நாலு பேர் உள்ள குடும்பம் என்றால் கூட்டுத்தொகையைப் பார்த்ததுமே முகம் வாடிவிடும். பட்டியலில் பாதியை அடித்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்ததும், “கையில் இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் நன்றாகப் பார்த்திருக்கலாம்” என்பார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த நகரத்தின் ஆகச் சிறந்த விஷயங்களில் பெரும்பகுதிக்குக் கட்டணமே கிடையாது. அதுவும் தற்செயலாக நடந்ததில்லை. காசில்லாதவனும் வந்து அனுபவிக்கட்டும் என்று கட்டப்பட்ட ஊர் அது.

பழைய ரோமில் செல்வாக்கு வேண்டுமென்றால் ஊருக்குப் பொதுவாக எதையாவது செய்து தர வேண்டும். தண்ணீர், குளியல் கூடம், நிழலுக்குத் தூண் மண்டபம், விளையாட்டு. கி.பி. 80இல் திறக்கப்பட்ட கொலோசியம் அரங்கில் காட்சி பார்க்க மக்கள் காசு கொடுக்கவில்லை. எந்த வரிசையில் உட்காரலாம் என்பதை மட்டும் அந்தஸ்து தீர்மானித்தது. குளியல் கூடங்களில் கட்டணம் வாங்கினாலும் அது அன்றைய மிகச் சிறிய செப்புக் காசுதான்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் அக்ரிப்பா. ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் நண்பர், தளபதி, பிற்பாடு மருமகன். கி.மு. 33இல் நகரத்தின் பொதுப்பணிகள் அவர் பொறுப்பில் இருந்தபோது, அந்த ஆண்டு முழுக்க ஆண் பெண் எல்லோருக்கும் குளியல் கூடங்களை இலவசமாகத் திறந்துவிட்டார். கி.மு. 19இல் அக்வா விர்கோ என்ற கால்வாயை வெட்டி முடித்து நகரத்துக்குள் தண்ணீர் கொண்டுவந்தார். சாகும்போது தன்னுடைய குளியல் கூடத்தையும், மக்கள் காசில்லாமல் குளிக்கட்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்தக் கால்வாய் இடையில் பழுதாகி, 15ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர் ஒருவர் அதைச் சீர்செய்தார். இன்றைக்கு ட்ரெவி நீரூற்றில் விழுவது அந்த வழித்தடத்துத் தண்ணீர்தான். அடுத்த முறை அங்கே நாணயம் எறியப் போனால் நீரூற்றின் முகப்பை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். கால்வாய்த் திட்டத்துக்கு அக்ரிப்பா ஒப்புதல் கொடுப்பது அங்கே புடைப்புச் சிற்பமாக இருக்கிறது.

பழைய ரோமானியக் கோயிலாக இருந்து இப்போது தேவாலயமாக உள்ள பாந்தியனின் நெற்றியில் பெரிய எழுத்தில் பொறித்திருப்பதும் அக்ரிப்பாவின் பெயர்தான். இப்போது நிற்கும் கட்டடம் பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் புதிதாக எழுப்பியது என்றாலும், முதலில் கட்டியவரின் பெயரை அவர் அப்படியே விட்டுவைத்தார். அந்த பாந்தியனுக்குள் தெருவில் போகிறவர்கள் சும்மா நுழைந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2023 ஜூலையில் அதற்கு 5 யூரோ கட்டணம் வைத்தார்கள். ட்ரெவி நீரூற்றின் விளிம்புவரை இறங்கிப் போகச் சுற்றுலாப் பயணிகளிடம் 2 யூரோ வாங்கப்போவதாக 2025 டிசம்பரில் நகராட்சி அறிவித்தது. ஊருக்கே இலவசமாகத் தண்ணீர் விட்ட மனிதரின் பெயருக்கும் தண்ணீருக்கும் டிக்கெட். இது பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள். முதலில் இன்னும் கதவு திறந்திருக்கும் இடங்களுக்குப் போவோம்.

தேவாலயங்கள். ரோமில் உலகத்தரமான ஓவியத்தைக் காசு கொடுக்காமல் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. நவோனா சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில் சான் லுயிஜி தெய் ஃப்ரான்செசி. உள்ளே இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் கரவாஜியோ 1599 முதல் 1602 வரை வரைந்த மூன்று பெரிய ஓவியங்கள், மூன்றும் புனித மத்தேயுவைப் பற்றியவை. அதில் ஒன்றில் வரி வசூலிக்கும் ஆட்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து காசு எண்ணிக்கொண்டிருப்பார்கள். வலப்பக்கமிருந்து ஒரு கை நீளும், அதே திசையிலிருந்து வெளிச்சமும் விழும். சிற்றாலயம் இருட்டாக இருக்கும். பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும். யாராவது ஒருவர் போட்டால் அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் ஓவியம் தெரியும். அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

அங்கிருந்து எட்டும் தூரத்தில் சான்த் அகஸ்தினோ தேவாலயம். சான் லுயிஜிக்கு வரும் கூட்டத்தில் பாதிகூட இங்கே வராது. நான் ரோமில் ஒரே ஒரு ஓவியத்தைப் பாருங்கள் என்று சொல்ல வேண்டுமானால் இங்கே இருக்கும் கரவாஜியோவின் லொரேதோ மாதாவைத்தான் சொல்வேன். ஒரு சாதாரண வீட்டு வாசல்படியில் குழந்தையோடு மாதா நிற்கிறார், வெறுங்காலோடு. எதிரே யாத்திரை வந்த ஒரு கிழவியும் ஓர் ஆணும் மண்டியிட்டிருக்கிறார்கள். அந்த ஆணின் உள்ளங்கால்கள் நம்மைப் பார்த்தபடி, நடந்து வந்த அழுக்கோடு அப்படியே இருக்கின்றன. வரைந்த காலத்திலேயே ஊரில் பெரும் பேச்சைக் கிளப்பிய ஓவியம் இது. எந்த மாளிகைக்காகவும் வரைந்த படமும் இல்லை. அதே மாதிரி அழுக்குக் காலோடு தெருவிலிருந்து உள்ளே வருகிறவர்கள் நின்று பார்ப்பதற்கென்று அந்தச் சுவருக்கே செய்தது. அதனால்தான் அருங்காட்சியகத்தில் கயிற்றுக்கு அப்பால் நின்று பார்ப்பதைவிட இங்கே பார்ப்பது எனக்கு ஒரு படி மேல். அதே தேவாலயத்தின் ஒரு தூணில் ரஃபேல் வரைந்த எசாயா தீர்க்கதரிசியும் இருக்கிறார். வெளியே வருவதற்குள் அவரையும் பார்த்துவிடுங்கள்.

இதே ரகத்தில் போப்போலோ சதுக்கத்து சாந்தா மரியா தேவாலயத்தில் இன்னும் இரண்டு கரவாஜியோ. கொலோசியத்துக்குப் பக்கத்தில் மேடேறினால் சான் பியெத்ரோ இன் வின்கோலியில் மைக்கலாஞ்சலோவின் மோசே சிலை. புனித பேதுரு பேராலயத்துக்குள் நுழையவும் கட்டணம் கிடையாது. மைக்கலாஞ்சலோ தன் இருபதுகளில் செதுக்கிய பியத்தா, இறந்த இயேசுவை மடியில் ஏந்திய மாதாவின் சிலை, அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. குவிமாடத்தில் ஏறுவதற்குத்தான் காசு. இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை: சதுக்கத்தில் சிலர் வந்து, வரிசையில் நிற்காமல் போகலாம் என்று சொல்லி டிக்கெட் விற்பார்கள். இலவசக் கதவுக்குக் காசு கொடுக்காதீர்கள், காலை ஏழு எட்டு மணிக்கே போய் நின்றால் வரிசை சீக்கிரம் நகரும். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். சின்ன தேவாலயங்கள் பல மதியம் சாத்திவிட்டு மூன்று நாலு மணிக்கு மேல்தான் திறக்கும். பூசை நடக்கும்போது படம் எடுத்துக்கொண்டு சுற்றி வராதீர்கள். அங்கே வேண்டிக்கொள்ள வந்தவர்களால்தான் அந்தக் கதவு இன்னும் நமக்கும் திறந்திருக்கிறது.

தண்ணீருக்கும் செலவு இல்லை. 1874இல் தொடங்கி வைத்த இரும்புக் குழாய்த் தூண்கள் நகரம் முழுக்க 2,000க்கும் மேல் இருக்கின்றன. நாள் முழுக்கக் குளிர்ந்த குடிநீர் கொட்டிக்கொண்டே இருக்கும். வளைந்த மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்ன ஓட்டை வழியே தண்ணீர் பீய்ச்சும், அப்படியே வாய் வைக்காமல் குடிக்கலாம். ஒரு பாட்டில் எடுத்துப் போங்கள், வெயில் காலத்தில் குடும்பத்துக்கே ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு மிச்சம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. காபியை நின்றுகொண்டே குடியுங்கள். மேசையில் உட்கார்ந்தால், அதுவும் பிரபலமான சதுக்கத்தில், விலையே வேறு. நீளத் தட்டில் வைத்திருக்கும் பீட்சாவை வேண்டிய அளவு வெட்டி எடை போட்டுத் தருவார்கள், மதியத்துக்கு அது போதும். தங்கும் இடத்தில் தலைக்கு இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி தனியாக வாங்குவார்கள். முன்பதிவுத் தொகையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது, கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நடைக்கு வருவோம். கேப்பிடோலின் குன்றின் மேலே உள்ள சதுக்கம் மைக்கலாஞ்சலோ வடிவமைத்தது. அதற்குப் பின்பக்கம் போனால் பழைய ரோமின் மையச் சதுக்கமான ரோமன் ஃபோரம் முழுக்கக் காலடியில் கிடக்கும். உள்ளே டிக்கெட் வாங்கி நடப்பவர்களுக்குத் தூண்கள்தான் தெரியும், ஊரின் அமைப்பு இங்கிருந்துதான் புரியும். அதே குன்றின் அடிவாரத்தில், ஆராச்செலி தேவாலயத்துக்கு ஏறும் 124 படிகளுக்குப் பக்கத்தில், சாலை மட்டத்துக்குக் கீழே ஒரு செங்கல் இடிபாடு தெரியும். எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். அது 2ஆம் நூற்றாண்டின் அடுக்குமாடி வீடு, வாடகைக்குக் குடியிருந்தவர்களின் கட்டடம். அரசர்களின் மண்டபங்களைப் பார்க்க உலகம் வரிசையில் நிற்கிறது. அன்றைய ரோமில் பெரும்பாலானவர்கள் வாழ்ந்த வீட்டைத் தெருவில் நின்றே பார்க்கலாம், ஒரு பைசா செலவில்லை, அங்கே கூட்டமும் இல்லை.

அங்கிருந்து சில நிமிடத்தில் பேரரசர் ட்ராஜனின் தூண். கி.பி. 113இல் நிறுவியது, ஒரு போர்க்கதையே அதில் சுருள் சுருளாக மேலே ஏறுகிறது. போர் மட்டும் இல்லை, பாலம் போடுவது, கோட்டை கட்டுவது, மரம் வெட்டுவது எல்லாம் அதில் உண்டு. நல்ல ஜூம் உள்ள போன் இருந்தால் அரை மணி நேரம் போவதே தெரியாது. ஒரு நாள் நண்பகலில் ஜானிக்குலம் குன்றுக்குப் போங்கள், சரியாக 12 மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள், பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். அவென்டைன் குன்றில் ஒரு கதவின் சாவித் துவாரம் வழியே புனித பேதுரு பேராலயக் குவிமாடத்தைப் பார்க்கப் பெரிய வரிசை நிற்கும். என்னைக் கேட்டால் அந்த நேரத்தைப் பக்கத்து ஆரஞ்சுத் தோட்டத்தில் செலவிடலாம், அதே குவிமாடம் அங்கிருந்தும் தெரியும். ஸ்பானியப் படிகளில் ஏறி இறங்கலாம், ஆனால் உட்காராதீர்கள். 2019 முதல் தடை, அபராதம் உண்டு.

ஒரு முழு நாள் கிடைத்தால் அப்பியன் சாலைக்குக் கொடுங்கள். கி.மு. 312இல் போடத் தொடங்கிய சாலை. கறுங்கல் பாளங்கள், இரண்டு பக்கமும் கல்லறைகள், பைன் மரங்கள். பழைய கல்லில் கால் இடறும், நல்ல செருப்பு அவசியம். அவ்வளவு தூரம் நடக்க முடியாதவர்கள் மெட்ரோ ஏறி நீர்க்கால்வாய்ப் பூங்காவுக்குப் போகலாம். கி.பி. 52இல் முடிந்த, பேரரசர் கிளாடியஸ் பெயரிலான கால்வாயின் வளைவுகள் புல்வெளியில் வரிசையாக நிற்கும், கீழே உள்ளூர்க்காரர்கள் ஓடிக்கொண்டும் நாயோடு நடந்துகொண்டும் இருப்பார்கள். செலவு போகவர மெட்ரோ டிக்கெட் மட்டுமே.

இப்போது பாந்தியன் விஷயம். கட்டணத்தை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய கட்டடத்தைப் பராமரிக்கப் பணம் வேண்டும். அந்த 5 யூரோவில் 70 சதவீதம் கலாசார அமைச்சகத்துக்கும் 30 சதவீதம் ரோம் மறைமாவட்டத்துக்கும் போகிறது. ரோமில் குடியிருப்பவர்களுக்கும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் வழிபட வருகிறவர்களுக்கும் கட்டணம் இல்லை. இதெல்லாம் சரிதான். ஆனால் கூட்டத்தைக் குறைக்கவும் இது உதவும் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். விமானம் ஏறி வந்த யாரும் 5 யூரோவுக்காகத் திரும்பிப் போகப்போவதில்லை. அது குறைப்பது, போகிற போக்கில் உள்ளே நுழையும் வழக்கத்தை. மழை பெய்தால் ஓடிப்போய், குவிமாடத்தின் நடுத்துளை வழியே மழை தரையில் விழுவதைப் பார்த்துவிட்டு வர முடிந்த இடம் அது. நாளும் நேரமும் பார்த்து முன்பதிவு செய்து போனால் மழையா நமக்காகக் காத்திருக்கும்? தினமும் காலையில் ஒரு மணி நேரமாவது அந்தக் கதவைப் பழையபடி எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்பது என் கோரிக்கை. பராமரிப்புக்கு மீதி நாள் முழுக்க இருக்கிறது.

காசு கொடுத்துப் பார்க்கும் இடங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரசு அருங்காட்சியகங்களிலும் தொல்லியல் தளங்களிலும் 18 வயதுக்குக் கீழ் எந்த நாட்டுப் பிள்ளைகளுக்கும் இலவசம். குடும்பக் கணக்குப் போடும்போது பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அந்த இடங்கள் எல்லோருக்கும் இலவசம். அன்றைக்குக் கொலோசியத்துக்குப் போகாதீர்கள், வரிசையிலேயே நாள் போய்விடும். ஒஸ்தியா அந்திக்காவுக்குப் போங்கள். பழைய துறைமுக ஊர் அது. நகரப் போக்குவரத்து டிக்கெட்டிலேயே ரயிலில் போய்விடலாம். குடியிருப்பு, கடை, சாப்பாட்டுக் கடையின் கல்மேடை, பொதுக் கழிப்பறைவரை தெருத் தெருவாக நடந்து பார்க்கலாம். வாடிகன் அருங்காட்சியகத்துக்கு மாதத்தின் கடைசி ஞாயிறு இலவசம், ஆனால் அந்தக் கூட்டத்தில் சிறு பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் நிற்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஒரே ஒரு டிக்கெட்டுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் என் பதில் சான் கிளெமென்தே. கொலோசியத்திலிருந்து நடந்தே போகலாம். மேலே 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், அதற்கு இலவசம். அங்கே பொன்னிறப் பின்னணியில் ஒரு மொசைக். சிலுவையைச் சுற்றிப் படரும் கொடிகளுக்கு நடுவே கோழிக்குத் தீனி போடும் ஒரு பெண்கூட இருக்கிறார், தேடிப் பாருங்கள். டிக்கெட் கீழே இறங்குவதற்கு. ஒரு தளம் கீழே 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், அதற்கும் கீழே 1ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள், ஒரு சந்து, மித்ரா என்ற பழைய தெய்வத்தை வழிபட்ட கூடம். படிகளில் ஈரம் இருக்கும், பெரியவர்களைக் கைப்பிடித்து இறக்குங்கள். இங்கேயும் மதிய இடைவேளை உண்டு, காலையிலேயே போய்விடுங்கள்.