ஜிஞ்சர் சாகும் பக்கத்தைக் கிழிக்காதீர்கள்

குழந்தைகளுக்காகச் சுருக்கிய குதிரைக் கதைகளைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. முதலில் சாவை எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் குதிரையை விற்கும் இடம் போகிறது, பசி போகிறது, காலில் பட்ட அடி போகிறது. கடைசியில் மிஞ்சுவது பளபளக்கும் பிடரி மயிரும் பச்சைப் புல்வெளியும் ஒரு சிறுமியின் சிரிப்பும்தான். குதிரை என்றால் உயிரை விடும் பிள்ளைக்கு இதைக் கொடுப்பது அநியாயம். அந்தப் பிள்ளைக்குக் குதிரையைப் பற்றிய உண்மைதான் வேண்டும்.

என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது. குதிரைப் பைத்தியம். அவளுக்கு யாரோ பிறந்தநாள் பரிசாக 'பிளாக் பியூட்டி' கொடுத்தார்கள். படம் போட்ட, மெல்லிய, சுருக்கிய பதிப்பு. இரண்டு நாளில் முடித்துவிட்டு என்னிடம் வந்து அவள் கேட்ட ஒரே கேள்வி: "சித்தி, ஜிஞ்சர் அப்புறம் எங்க போச்சு?" புரட்டிப் பார்த்தேன். பாதிக் கதைக்கு மேல் ஜிஞ்சரைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்தக் குதிரையைக் காணவில்லை என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. சுருக்கியவருக்குத்தான் தெரியவில்லை.

மூலக் கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அன்னா சூவெல் என்ற ஆங்கிலேயப் பெண்மணி எழுதிய ஒரே நாவல் அது. பிளாக் பியூட்டி என்ற குதிரையே தன் கதையைச் சொல்கிறது. சிறுவயதில் கணுக்காலில் பட்ட அடியால் அவரால் வாழ்நாள் முழுவதும் சரியாக நடக்க முடியவில்லை. எங்கே போவதென்றாலும் குதிரை வண்டிதான். 1871இல் எழுதத் தொடங்கி, படுத்த படுக்கையாக இருந்துகொண்டே எழுதி முடித்தார். 1877 நவம்பரில் புத்தகம் வெளிவந்தது. அடுத்த ஏப்ரலில் இறந்துபோனார். குழந்தைகளை மனதில் வைத்து அவர் எழுதவில்லை, குதிரைகளோடு வேலை செய்பவர்களுக்காகத்தான் எழுதினார். குழந்தைகள் தாங்களாகவே வந்து அதை எடுத்துக்கொண்டார்கள்.

ஜிஞ்சர் செம்பழுப்பு நிறப் பெண் குதிரை. இளம் வயதில் முரட்டுத்தனமாகப் பழக்கப்பட்டதால் கடிக்கும், உதைக்கும். நல்ல லாயத்துக்கு வந்தபின் மெல்ல மெல்ல மனிதர்களை நம்பத் தொடங்குகிறது. எஜமானியம்மாளுக்கு உடம்பு சரியில்லாமல் போக, அந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போகிறது. குதிரைகள் ஒரு பிரபு வீட்டுக்கு விற்கப்படுகின்றன. அங்கே பேஷன் என்ற பெயரில் குதிரையின் தலையை மேலே தூக்கி, குனியவே முடியாதபடி வாரால் இழுத்துக் கட்டுகிறார்கள். தலையைத் தாழ்த்தாமல் குதிரையால் மேட்டில் வண்டியை முழு பலத்தோடு இழுக்க முடியாது. முதுகில் வலி, மூச்சுக்குழலில் வலி. ஒருநாள் ஜிஞ்சர் பொறுக்க முடியாமல் உதைத்துத் தள்ளிவிடுகிறது. பிறகு வேட்டைக்கு ஓட்டி ஓட்டி அதன் உடம்பைக் கெடுக்கிறார்கள். அப்புறம் கை மாறிக் கை மாறி லண்டனில் வாடகை வண்டி இழுக்கிறது.

வண்டி நிறுத்தத்தில் பியூட்டி அதைப் பார்க்கும் இடம்தான் எனக்கு இந்த நாவலிலேயே பெரிய இடம். எலும்பும் தோலுமாக நிற்கும் அந்தக் கிழட்டுக் குதிரை யாரென்று பியூட்டிக்கு அடையாளமே தெரியவில்லை. ஜிஞ்சர்தான் அடையாளம் கண்டு பேசுகிறது. முன்பெல்லாம் உன்னைத் துன்புறுத்தினால் எதிர்த்து நிற்பாயே என்று பியூட்டி கேட்க, இனி எதிர்த்துப் பயனில்லை, மனிதர்கள்தான் பலசாலிகள், செத்துப்போனால் தேவலை என்கிறது ஜிஞ்சர். கொஞ்ச நாள் கழித்து ஒரு வண்டியில் செத்த குதிரை ஒன்றை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். செம்பழுப்பு நிறம், நாக்கு தொங்குகிறது. அது ஜிஞ்சராகவே இருக்கட்டும், அதன் கஷ்டமாவது தீர்ந்திருக்கும் என்று பியூட்டி நினைக்கிறது.

இதைப் படித்து அழாத பிள்ளை இருக்காது. அழட்டும். எப்போதும் எதிர்த்து நின்ற ஒரு உயிரை எப்படி உடைத்தார்கள் என்று பார்த்து வரும் அழுகை அது. கடித்த குதிரையைக் 'கெட்ட குதிரை' என்று ஒதுக்கிய உலகத்தின் மேல் வரும் அழுகை. இதை எடுத்துவிட்டால் கதையில் அநீதி என்ற ஒன்றே இல்லாமல் போய்விடுகிறது.

"சின்னப் பிள்ளை மனசு தாங்குமா?" என்று கேட்கிறார்கள். தாங்கும். கையில் புத்தகம் இருக்கிறது, பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், அழுதால் மடி இருக்கிறது. துக்கத்தை முதலில் சந்திக்க இதைவிடப் பாதுகாப்பான இடம் எது? வயது பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி ரெட் போனி'யை எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன். அங்கே போனி என்ற குட்டைக் குதிரையின் சாவைப் பார்க்கும் கண் வேறு, அது பெரியவர்களின் கண். அதைப் பதின்மூன்று பதினான்கு வயதில் படிக்கட்டும். காத்திருந்து கொடுக்கலாம், வெட்டிக் கொடுக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துக்கத்தை வெட்டும்போது மகிழ்ச்சியும் சேர்ந்து போய்விடுகிறது. ஜோ கிரீன் என்று ஒரு பையன் வருகிறான். லாயத்துக்குப் புதிது, பதினான்கு வயதிருக்கும். நடுராத்திரி மருத்துவரைக் கூட்டிவர ஓடி ஓடி உடம்பெல்லாம் கொதிக்கும் பியூட்டிக்குப் பச்சைத் தண்ணீரை நிறையக் குடிக்கக் கொடுத்துவிடுகிறான். போர்வையும் போர்த்தவில்லை, சூடாக இருக்கும்போது வேண்டாம் என்று நினைத்துவிட்டான். பியூட்டி சாவின் விளிம்புவரை போகிறது. பையன் தெரியாமல்தானே செய்தான் என்று அவனுடைய அப்பா மன்றாடும்போது மூத்த குதிரைக்காரர் ஜான் மேன்லிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. கெட்ட எண்ணத்துக்கு அடுத்தபடியாக உலகத்தில் மோசமானது அறியாமைதான் என்கிறார். கதையின் கடைசியில், எத்தனையோ கை மாறி, முழங்கால் கிழிந்து, தெருவில் விழுந்து எழுந்து வந்த பியூட்டியை நெற்றியில் உள்ள வெள்ளைப் பொட்டையும் உடம்பில் இருக்கும் பழைய அடையாளங்களையும் வைத்துக் கண்டுபிடிப்பவர் யார்? அதே ஜோ. இப்போது வளர்ந்து, தேர்ந்த குதிரைக்காரராகியிருக்கிறார். சுருக்கப் பதிப்பில் ஜோவின் தவறை நீக்கிவிட்டு முடிவை மட்டும் வைத்திருக்கிறார்கள். அப்படியானால் அந்தச் சந்திப்பில் என்ன இருக்கிறது? யாரோ ஒருவர் ஒரு குதிரையை அடையாளம் காண்கிறார், அவ்வளவுதான்.

லண்டன் வண்டிக்காரர்கள் பகுதியையும் பிள்ளைகளுக்குப் புரியாது என்று தூக்கிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. அங்கே ஒரு வண்டிக்காரர் வருகிறார். வண்டிக்கும் இரண்டு குதிரைகளுக்கும் சேர்த்து ஒரு நாளைக்குப் பதினெட்டு ஷில்லிங் வாடகை கட்ட வேண்டும். அதைச் சம்பாதித்த பிறகுதான் வீட்டுக்கு ஒரு காசு. அதனால் குதிரையையும் விரட்டுகிறார், தன்னையும் விரட்டிக்கொள்கிறார், கடைசியில் நோயில் சாகிறார். கொடுமை செய்பவனைத் திட்டிவிட்டு நகராமல், அவனை அந்த இடத்தில் நிறுத்திய கணக்கையும் சூவெல் காட்டுகிறார். நாள் வாடகைக்கு ஆட்டோ ஓட்டும் அப்பாவின் பிள்ளைக்கு இது புரியாதா? நம் ஊரில் இதைவிட நன்றாகப் புரியக்கூடிய அத்தியாயம் அந்தப் புத்தகத்திலேயே கிடையாது.

இங்கிலாந்தில் 1930களிலிருந்து போனி கதைகள் தனி வகையாகவே வளர்ந்தன. போனி என்பது வளர்ந்த குதிரைதான், உயரம்தான் சுமார் 147 செ.மீ.க்குள் இருக்கும். இந்தக் கதைகளைப் 'பணக்காரப் பெண் பிள்ளைகளின் பொழுதுபோக்கு' என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஒதுக்குவதற்கு முன் படித்துப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. ஜோவன்னா கேனன் 1936இல் எழுதிய 'எ போனி ஃபார் ஜீன்' நாவலில் குடும்பத்தின் பணம் போய்விட்டதால்தான் ஜீன் கிராமத்துக்கே வருகிறாள். அவளுக்குக் கிடைப்பதும் விலா எலும்பு தெரியும், யாருக்கும் வேண்டாத ஒரு போனி. கேனனின் மகள்கள் மூவரும் பிறகு இதே வகையில் எழுதிக் குவித்தார்கள். அவர்களில் ஜோசஃபின் புல்லீன்-தாம்ப்சன் எழுதிய 'சிக்ஸ் போனீஸ்' 1946இல் வந்தது. இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் காட்டுப் பகுதியைச் சேர்ந்த போனிகளைப் பிள்ளைகளே பழக்க வேண்டும். சரியாகப் பழகாத போனியைக் கதை குற்றம் சொல்வதில்லை. உன் கை என்ன செய்தது, உன் பொறுமை எங்கே போனது என்றுதான் பிள்ளையைக் கேட்கிறது. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். குழந்தையை மதிக்கும் கண்டிப்பு அது.

அமெரிக்கப் பக்கம் போனால் மார்கரீட் ஹென்றியின் 'மிஸ்டி ஆஃப் சின்கோடீக்', 1947. வர்ஜீனியா கடலோரத்தில் அசடீக் தீவில் போனிகள் காட்டுத்தனமாகத் திரிகின்றன. ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் அவற்றை நீந்த வைத்துப் பக்கத்துத் தீவான சின்கோடீக்குக்கு ஓட்டிவந்து, குட்டிகளை ஏலம் விடுகிறார்கள். அந்தப் பணம் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குப் போகிறது. கதையில் பால், மொரீன் என்ற இரண்டு பிள்ளைகள் ஒரு போனியை வாங்க நூறு டாலர் சேர்க்கப் பாடுபடுகிறார்கள். சேர்த்துக்கொண்டு போய் நின்றால், போனியையும் அதன் குட்டி மிஸ்டியையும் வேறொருவர் வாங்கிவிட்டிருக்கிறார். அப்புறம் எல்லாம் சரியாகிறது என்றாலும், கடைசியில் தாய்ப் போனியைத் தீவுக்கே திரும்ப விட்டுவிடுகிறார்கள். ஆசைப்பட்டதை வாங்குவதில் தொடங்கி, ஆசைப்பட்டதை விட்டுக்கொடுப்பதில் முடியும் கதை. பத்து வயதுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மிஸ்டி நிஜமாகவே வாழ்ந்த போனி. 1962 மார்ச்சில் பெரும் புயலில் தீவுக்குள் கடல் புகுந்தபோது, நிறை சினையாக இருந்த மிஸ்டியை வீட்டுச் சமையலறைக்குள் கொண்டுபோய் நிறுத்திக் காப்பாற்றினார்கள். கொஞ்ச நாளில் குட்டி பிறந்தது. ஸ்டார்மி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் புயலில் தீவின் போனிகள் ஏராளமாக மடிந்தன. இதையும் ஹென்றி அடுத்த ஆண்டே குழந்தைகளுக்கான புத்தகமாக எழுதினார், மடிந்ததை மறைக்காமல்.

நம் பிள்ளைகளுக்குக் குதிரையே கிடையாது, எதற்கு இதெல்லாம் என்று ஒரு நண்பர் கேட்டார். இங்கிலாந்தில் இவற்றைப் படித்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கும் போனி கிடையாது. இல்லாததால்தான் படித்தார்கள். முழுப் புத்தகத்தையும் நான் வாசித்துக் காட்டிய பிறகு என் அக்கா மகள் மெரினாவில் சவாரிக் குதிரையைப் பார்த்ததும் ஏற மாட்டேன் என்றாள். முதலில் சேணத்துக்கு அடியில் புண் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள், தண்ணீர் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று குதிரைக்கார அண்ணனிடம் கேட்டாள். அவரும் கோபப்படாமல் வாளியைக் காட்டினார். குதிரை எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குத் திரும்பும், லாடம் அடிக்க என்ன செலவாகும் என்று வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். பளபளக்கும் பிடரிக் கதை மட்டும் படித்த பிள்ளைக்கு இந்தக் கேள்விகள் வந்திருக்காது.

வானவில் பிடரி வைத்த பொம்மைகளோடு எனக்குச் சண்டை இல்லை. விளையாடட்டும். ஆனால் 'பிளாக் பியூட்டி' என்று அட்டையில் போட்டுவிட்டு உள்ளே அதைக் கொடுக்காமல் இருப்பது வேறு. சூவெல் இறந்து ஒன்றரை நூற்றாண்டாகப் போகிறது, எழுத்துக்குக் காப்புரிமை இல்லை, முழுப் பதிப்பு மலிவாகவே கிடைக்கிறது. மொத்தம் 49 அத்தியாயங்கள், பலவும் நாலைந்து பக்கத்துக்குள் முடிந்துவிடும், ராத்திரிக்கு இரண்டாக வாசித்துக் காட்டலாம். கடையில் எடுத்ததும் 40ஆம் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். ஜிஞ்சர் அங்கே இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, முழுப் பதிப்பு இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.