ஹைட்ராலிக் இணைப்புக்கு வெள்ளை டேப் சுற்றலாமா?

"சிங்கப்பூரில் லிம் சூ காங் பண்ணை டிராக்டரோ துவாஸ் ஃபோர்க்லிஃப்ட்டோ, எண்ணெய் கசிந்தால் மரையில் வெள்ளை டேப்பை நாலு சுற்று சுற்றுங்கள், போதும்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். தண்ணீர்க் குழாய்க்குச் சரிதான் அண்ணே, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்குக்கு வேண்டாம்.

முதலில் மரை எந்த வகை என்று பாருங்கள். ஜேஐசி என்ற இணைப்பு வகையில் எண்ணெயை அடைப்பது 37 டிகிரி கூம்பு முகம். ஓ-ரிங் இணைப்பில் ரப்பர் வளையம். இரண்டிலும் மரைக்கு இறுக்கிப் பிடிக்கும் வேலை மட்டும்தான். அங்கே கசிந்தால் முகத்தில் கீறலோ, வளையத்தில் வெட்டோ இருக்கும். டேப் சுற்றி அதை மறைக்க முடியாது.

என்பிடி மாதிரி நுனி நோக்கிச் சரியும் மரைக்குத்தான் சீலண்ட், அதாவது கசிவை அடைக்கும் பொருள், தேவை. அதிலும் டேப் கிழிந்து துணுக்கு உள்ளே போனால் வால்வு ஸ்பூல் (எண்ணெயைத் திருப்பிவிட வால்வுக்குள் நகரும் தண்டு) சிக்கிக்கொள்ளும். அப்புறம் வால்வையே பிரிக்க வேண்டியதுதான். லாக்டைட் 545 போன்ற, காற்றில்லாத இடத்தில் இறுகும் பசை நல்லது. பழைய எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, நுனியில் முதல் ஒன்றிரண்டு மரையை விட்டுவிட்டுத் தடவுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் ஆகும்வரை பம்ப்பை ஓட்டாதீர்கள். அவசரப்படுகிறவர்கள்தான் பசையைக் குறை சொல்கிறார்கள்.