பெல்ட் போதும், இனி நிமிடங்களைக் கொடுங்கள்

முடிவை முன்பே திட்டமிட்டு நடத்தும் அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ.யின் பெண்கள் பிரிவைப் பற்றிப் பேச்சு வந்தாலே 'வரலாற்றில் முதல்முறை' பட்டியல்தான் நீளும். கூண்டு, ஏணி என்று பெரிய மேட்ச் வகைகளில் 2016-இல் முதல் ஹெல் இன் எ செல், 2017-இல் முதல் மணி இன் தி பேங்க், 2018-இல் முதல் ராயல் ரம்பிளும் எலிமினேஷன் சேம்பரும், அதே ஆண்டு அக்டோபரில் பெண்கள் மட்டுமே ஆடிய எவலூஷன் ஷோ, 2019-இல் ஆண்டின் மிகப்பெரிய ஷோவான ரெஸில்மேனியாவில் மெயின் ஈவென்ட், அதாவது கடைசியில் வரும் முக்கிய மேட்ச். எல்லாமே போராடிப் பெற்றவை, ஒன்றையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த வாரம் ரா என்ற வாராந்திர ஷோவில் அதே பெண்களுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்பதில்தான் பிரிவின் நிலைமை தெரியும். இன்றைக்கு அங்கே திறமைக்கும் பஞ்சமில்லை, சாம்பியன் பட்டத்துக்கான பெல்ட்டுக்கும் பஞ்சமில்லை. நேரத்துக்குத்தான் பஞ்சம்.

2015 பிப்ரவரி 23 ராவில் பெல்லா சகோதரிகளுக்கும் பெய்ஜ் - எம்மா ஜோடிக்கும் நடந்த டேக் மேட்ச் (ஜோடி ஆட்டம்) சுமார் 30 வினாடியில் முடிந்தது. ரசிகர்கள் கொதித்துப்போய் ட்விட்டரில் #GiveDivasAChance என்ற ஹேஷ்டேக்கை உலக அளவில் ட்ரெண்டாக்கினார்கள். அன்றைய நிறுவனத் தலைவர் வின்ஸ் மக்மேனே பதில் சொல்லும் நிலை வந்தது. அந்த ஜூலையில் சார்லெட், பெக்கி லிஞ்ச், சாஷா பேங்க்ஸ் மூவரும் ராவுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு ரெஸில்மேனியா 32-இல் பட்டாம்பூச்சி வடிவ டிவாஸ் (பெண்களுக்கு அன்று வைத்திருந்த பெயர்) பெல்ட் ஓரங்கட்டப்பட்டு, புதிய பெண்கள் சாம்பியன்ஷிப் வந்தது. அன்று ரசிகர்கள் கேட்டது புது பெல்ட்டை அல்ல, நேரத்தை. கோரிக்கையின் அந்தப் பாதி இன்னும் முழுசாக நிறைவேறவில்லை.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு மேட்ச் எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்த்தால் புரிந்துவிடும். 12 நிமிட மேட்ச் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் 2 நிமிடம் ஃபேஸ், அதாவது கதையின் நல்லவர், மேலோங்குவார். கூட்டம் யாருக்காகக் கத்த வேண்டும் என்பது அங்கே முடிவாகும். பிறகு ஹீல், அதாவது கெட்டவர், ஏதாவது குறுக்கு வழியில் ஆட்டத்தைத் திருப்புவார். அடுத்த 4, 5 நிமிடம் ஹீல் ஒரே உறுப்பைக் குறிவைத்து அடிப்பார். நடுவே இரண்டு முறை ஃபேஸ் எழப்பார்த்து மறுபடி விழுவார். அப்புறம்தான் கம்பேக். கடைசி 2, 3 நிமிடம் இதோ முடிந்தது என்று நம்பவைத்து, ரெஃபரி 3 எண்ணுவதற்குள் 2-இல் தோளைத் தூக்கும் கட்டங்கள். அதற்குமேல் ஃபினிஷர், ஆட்டத்தை முடிக்கும் மூவ்.

இதையே 4 நிமிடத்துக்குள் அடக்கச் சொன்னால் முதலில் பலியாவது அந்த நடுப்பகுதி. பெக்கியின் டிஸ்-ஆர்ம்-ஹர் கையை முறுக்கும் பிடி. அதற்கு முன்பே அந்தக் கை இரண்டு மூன்று முறை கயிற்றிலோ கம்பத்திலோ அடிபட்டிருந்தால்தான் வலி தாங்காமல் கையால் தட்டித் தோற்பது நம்பும்படி இருக்கும். சார்லெட்டின் ஃபிகர் எய்ட் காலுக்கான பிடி. கால் முன்பே பதம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். நடுப்பகுதி போய்விட்டால் ஃபினிஷர் எங்கிருந்தோ வந்து விழும், கூட்டம் அமைதியாக இருக்கும். உடனே 'பெண்கள் மேட்ச்சுக்குக் கூட்டம் கத்தாது' என்று ஒரு கூட்டம் கிளம்பும். காரணம் எது, விளைவு எது என்பதையே தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

நேரம் எப்படிக் காணாமல் போகிறது என்பதும் ரகசியமில்லை. ரா நேரலை. தொடக்கத்தில் மைக் பிடித்துப் பேசும் பகுதி பத்து நிமிடம் இழுத்தால், அந்தப் பத்து நிமிடம் பின்னால் வரும் ஏதோ ஒரு மேட்ச்சிலிருந்துதான் கழியும். திரைக்குப் பின்னால் இருப்பவர்கள் ரெஃபரியின் காதுக் கருவியில் 'முடிக்கச் சொல்' என்பார்கள். அவர் குனிந்து, ஆட்டக்காரருக்கு அடிபட்டதா என்று பார்ப்பதுபோல் அதைக் காதில் போடுவார். இருவரும் மிச்சத் திட்டத்தைக் கைவிட்டு நேரே கடைசிக் கட்டத்துக்குத் தாவ வேண்டும். இப்படி வெட்டுப்படுவது ஆண்களுக்கும் நடப்பதுதான். ஆனால் ஒரு ஷோவில் பெண்களுக்கு இருப்பதே ஒன்றோ இரண்டோ மேட்ச் என்றால், ஒரு வெட்டில் அன்றைய பங்கில் பாதி போய்விடுகிறது. அவசரத்தில் ஆபத்தும் உண்டு: தூக்கி முதுகில் விழவைக்கும் மூவில் விழுபவர் தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகு பரவலாகப் படும்படி விழ ஒரு நொடி தயாராக வேண்டும். அந்த ஒரு நொடி கிடைக்காதபோதுதான் கழுத்தில் போய் முடிகிறது.

நேரம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2015 ஆகஸ்ட் 22, டபிள்யூ.டபிள்யூ.இ.யின் வளரும் ஆட்டக்காரர்களுக்கான என்எக்ஸ்டி பிரிவு நடத்திய டேக்ஓவர் புரூக்ளின் ஷோவில் சாஷா - பெய்லி மேட்ச் போதும். பெய்லியின் கையில் ஏற்கெனவே காயம் என்பது கதை. சாஷா அந்தக் கையின் கட்டைப் பிடுங்கி எறிந்தார். பேங்க் ஸ்டேட்மென்ட் பிடியில் மாட்டிய பெய்லி கயிற்றை எட்ட அந்தக் கையையே நீட்ட, சாஷா பிடியை விடாமல் அதைக் காலால் மிதித்தார். ஒரே ஒரு மிதி. அரங்கம் முழுக்க அலறியது, ஏனென்றால் அந்தக் கையின் கதை அதற்குள் எல்லோருக்கும் மனப்பாடம். டாப் ரோப்பிலிருந்து பெய்லி தலைகீழாகச் சுழற்றி வீசிய ரிவர்ஸ் ஹரிக்கேன்ரானாவும் அதன் பிறகு அவருடைய ஃபினிஷரான பெய்லி-டு-பெல்லியும் வந்தபோது கூட்டம் எழுந்து நின்றதற்கு அந்த நடுப்பகுதிதான் காரணம்.

அக்டோபர் 7-இல் அதே இருவருக்கும் 30 நிமிட அயர்ன் மேன் மேட்ச் (நேரம் முடியும்போது அதிகப் புள்ளி எடுத்தவருக்கு வெற்றி), அதுவும் மெயின் ஈவென்ட். கண்ணில் குத்தி, சுருட்டிப் பிடிக்கும் ரோல்-அப்பில் சாஷா 1, பெய்லி-டு-பெல்லியில் சமன், வெளியே வீசி, எண்ணி முடிப்பதற்குள் ரிங்குக்குத் திரும்ப முடியாத கவுன்ட்-அவுட்டில் சாஷா 2, ரோல்-அப்பில் மறுபடி சமன், கடைசி சில வினாடிகளில் சாஷா தட்ட, பெய்லி 3-2. சாஷாவின் இரண்டு புள்ளியும் குறுக்கு வழியில் வந்தவை என்பதைக் கவனியுங்கள். யார் எப்படிப்பட்டவர் என்பதை ஸ்கோரே சொல்கிறது, கமென்டரி தேவையில்லை.

இதற்கு நேர் எதிர், ஆகஸ்டில் நடந்த பெரிய ஷோவான 2021 சம்மர்ஸ்லாம். அந்த ஏப்ரலில்தான் பியாங்கா பெலேர் ரெஸில்மேனியா 37-இன் முதல் இரவு மெயின் ஈவென்ட்டில் சாஷாவை வென்றிருந்தார். தன் நீளப் பின்னலைச் சாட்டையாகச் சுழற்றி சாஷாவின் வயிற்றில் விளாசிய சத்தம் ஸ்டேடியம் முழுக்கக் கேட்டது, தோலில் தடிப்பு கிளம்பியது. அப்படி வளர்த்த சாம்பியனை, நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பிவந்த பெக்கி 26 வினாடியில் முடித்தார். அடுத்த ரெஸில்மேனியாவில் பியாங்கா பெக்கியிடமிருந்து ரா பெல்ட்டைப் பறித்தார், அந்த மேட்ச் அருமை. அதனால் 26 வினாடி சரி என்று ஆகிவிடாது. இடையில் அந்த ஏழெட்டு மாதம் பியாங்காவின் மதிப்பு சரிந்துதான் கிடந்தது.

2019 மெயின் ஈவென்ட்டிலும் நேரம்தான் வில்லன், வேறு விதத்தில். பெக்கி, ரோண்டா ரௌஸி, சார்லெட் மூவரும் ரிங்குக்குள் வந்தபோது கூட்டம் பல மணி நேரம் உட்கார்ந்து களைத்திருந்தது. முடியும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. கடைசி பின்னில், அதாவது தோளைத் தரையில் அழுத்தி 3 எண்ணும்போது, ரோண்டாவின் தோள் மேலே எழுந்தது கேமராவிலேயே தெரிந்தது. அந்த மூவருக்கு அந்த முடிவு போதாது.

பெல்ட் விஷயத்துக்கு வருகிறேன். 2019-இல் வந்த டேக் பெல்ட்டுக்கு இன்றுவரை நிலையான ஜோடிகள் குறைவு. தனிக் கதை இல்லாத இருவரை ஒட்டவைத்து அனுப்புவதே வழக்கமாகிவிட்டது. 2025 ரெஸில்மேனியாவில் பெக்கியும் லைரா வால்கிரியாவும் அதை வென்று மறுநாளே ராவில் இழந்தார்கள். அதில் டேக் பிரிவுக்கு ஒரு பயனுமில்லை. ஆனால் அதிலிருந்து பிறந்த கதைதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. பெக்கி லைராவைத் தாக்கினார். மே மாத பேக்லாஷ் ஷோவில் லைரா இன்டர்கான்டினென்டல் பெல்ட்டைத் தக்கவைத்தார். ஜூனில் மணி இன் தி பேங்க் ஷோவில் பெக்கி அதைப் பறித்தார். உலக சாம்பியன்ஷிப் பக்கமே போகாமல் இரண்டு பெண்கள் மாதக்கணக்கில் ஒரு கதையைச் சுமந்தார்கள். 2024 டிசம்பரில் செல்சி கிரீன் வென்ற யு.எஸ். பெல்ட்டும் லைராவுடைய பெல்ட்டும் வந்ததன் பயன் இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஜப்பானில் முழுக்கப் பெண்களே ஆடும் நிறுவனங்கள் உண்டு: 2005 வரை ஆல் ஜப்பான் வுமன்ஸ் இருந்தது, பிறகு ஸ்டார்டம் வந்தது. அங்கே முதல் மேட்ச்சும் பெண்கள், நடுவில் வருவதும் பெண்கள், கடைசியும் பெண்கள். கீழிருந்து மேலே ஏறப் படிகள் இருக்கின்றன. இயோ ஸ்கை, கைரி சேன் ஆகியோரிடம் தெரியும் பதற்றமில்லாத வேகம் அந்தப் படிகளில் வந்தது. டபிள்யூ.டபிள்யூ.இ.யில் எவலூஷனின் இரண்டாம் பதிப்புக்கே 2018 அக்டோபரிலிருந்து 2025 ஜூலைவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நான் கேட்பது ரொம்ப இல்லை. ஒவ்வொரு ராவிலும் இன்னொரு வாராந்திர ஷோவான ஸ்மாக்டவுனிலும் உலக பெல்ட் சம்பந்தப்படாத ஒரு பெண்கள் மேட்ச், மணி அடித்ததிலிருந்து 10 நிமிடமாவது. பேச்சு நீண்டுபோனால் அதை வெட்டக் கூடாது என்ற உறுதி. டேக் பெல்ட்டுக்கு ஓராண்டு பிரியாத நான்கு ஜோடிகள். அடுத்த ஷோவைப் பார்க்கும்போது நீங்களும் கணக்கு வையுங்கள்: நுழைவுப் பாட்டைச் சேர்க்காதீர்கள், விளம்பர இடைவேளையைக் கழித்துவிடுங்கள், மிச்சம் எத்தனை நிமிடம் என்று கமென்ட்டில் போடுங்கள்.