அந்த அட்டைகளின் பின்பக்கத்தை யாராவது பார்த்தீர்களா?

அந்தப் படத்தை நான் பகிரவில்லை. எல்லாரும் பார்த்தாயிற்று. புதுப்பிப்பு வேலை முடிந்த நூலகத்தின் பின்னால், ஜெனரேட்டர் அறைக்கும் மதில் சுவருக்கும் நடுவே, மழையில் கிடக்கும் கேட்லாக் இழுப்பறைகள், எந்தப் புத்தகம் எங்கே என்று சொல்லும் அட்டைகளோடு. எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். அங்கே கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர்களை மாட்டிவிடுவதற்காக இதை எழுதவில்லை.

இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடாதது படம்கூட இல்லை, அதற்குக் கீழே வந்த பின்னூட்டம். "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, இன்னும் எதுக்குங்க இந்தக் குப்பை?" அதற்கு விழுந்த லைக்குகளில் என் நண்பர்கள் பதினோரு பேர். ஒருவர் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர்.

ஏற்றவில்லை ஐயா. எல்லாவற்றையும் ஏற்றவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஏற்றியவர்களில் நானும் ஒருத்தி.

2003. டிகிரி முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த நூலகத்தின் கேட்லாக்கைக் கணினியில் ஏற்றும் வேலையை ஒருவர் கான்ட்ராக்ட் எடுத்திருந்தார். நாங்கள் எட்டுப் பேர், அதில் ஆறு பேர் பெண்கள். ஒரு அட்டைக்கு இவ்வளவு என்று பேச்சு. ஐந்துக்கு மூன்று அங்குல அட்டை, அடியில் ஒரு துளை, அதன் வழியே கம்பி. கம்பியை உருவி ஒரு கட்டு அட்டையை எடுப்போம், கணினியில் அடிப்போம், திரும்பக் கோத்து வைப்போம். எண்ணிக்கைக்குத்தான் காசு என்பதால் யாரும் நின்று படிக்கமாட்டோம்.

நான் சில சமயம் நின்றுவிடுவேன். பின்பக்கத்தைத் திருப்பினால் பென்சிலில் எழுதியிருக்கும். சன்னமான, வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்து. எத்தனையோ வருஷத்துக்கு முன் அங்கே இருந்த நூலகர் ஒருவருடையது என்றார்கள். "இவரே வேறு பெயரிலும் எழுதியுள்ளார், பார்க்க." "இரண்டாம் பதிப்பில் படங்கள் இல்லை." "கடைசிப் பக்கங்கள் கிழிந்துள்ளன, மற்றப் பிரதி கீழ் அலமாரியில்." ஒரு ஆள் ஆயுசு முழுக்கப் புத்தகங்களோடு புழங்கிச் சேர்த்த அறிவு அது. மேற்பார்வை பார்த்தவரிடம் கேட்டேன், இதை எங்கே அடிப்பது என்று. "அதுக்கெல்லாம் சாஃப்ட்வேர்ல கட்டம் இல்லம்மா. முன்பக்கம் மட்டும் அடி."

அடித்தேன். அந்தக் குற்றவுணர்ச்சி இன்றும் எனக்கு உண்டு. கட்டம் இருக்கிறது என்பதைப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். உலகம் முழுக்க நூலகங்கள் பயன்படுத்தும் மார்க் 21 என்ற பதிவு முறையில் பொதுக் குறிப்புக்கென்றே 500 என்று ஒரு கட்டம் இருக்கிறது. தலைப்பைத் தமிழ் எழுத்திலேயே கூடுதலாக வைக்க 880 இருக்கிறது. எங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

தமிழ் எழுத்து என்றதும் இன்னொன்று. அன்றைக்கு ஆளுக்கொரு எழுத்துரு, தமிழ் எழுத்தைக் கணினிக்குள் வைக்க டிஸ்கி, டாப், டாம் என்று ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ஏகப்பட்ட குறியாக்கங்கள். எல்லாருக்கும் பொதுவான யூனிகோடைத் தமிழக அரசு தரமாக அறிவித்ததே 2010இல்தான். அதனால் தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் அடிக்கச் சொன்னார்கள். எட்டுப் பேர், எட்டு விதம். 'வாழை' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'ழ'வுக்கு நான் இசட்-எச் போடுவேன். பக்கத்து சீட்டுத் தோழி எல் மட்டும். எதிரே இருந்தவள் நெடிலுக்கு இரண்டு ஏ. எல்லாம் அப்படியே உள்ளே போயிற்று. யாரும் சரிபார்க்கவில்லை.

போன மாதம் ஓர் ஆராய்ச்சி மாணவி என்னைத் தொடர்புகொண்டாள். பழைய வாழை ரகங்களைப் பற்றிப் படிக்கிறாள். 1950களில் வந்த சிறிய வேளாண்மைப் புத்தகம் ஒன்று வேண்டும். கவுண்டரில் "சிஸ்டத்துல காட்டல, இல்லம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். நான் கூடப் போனேன். ஐந்து விதமாக எழுத்துக் கூட்டிப் பார்த்து, கடைசியில் என் தோழி போட்ட 'எல்'லில் கிடைத்தது. மூன்றாவது மாடியில், தூசு படிந்து, முழுசாக இருந்தது புத்தகம். அந்தப் பிள்ளை அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

இப்போது சொல்லுங்கள், எல்லாவற்றையும் ஏற்றியாயிற்றா? சிஸ்டத்தில் காட்டாத புத்தகம் இல்லாத புத்தகம். அது இருக்கிறது என்று சொல்ல மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்த அட்டை. அதைத்தான் மழையில் போட்டிருக்கிறார்கள்.

உடனே ஒருவர் வருவார், "நீங்க முன்னேற்றத்துக்கே எதிரியா?" என்று. ஏன் எதிரியாக இருக்கிறேன்? லண்டனில் என்ன நடந்தது என்று படித்திருப்பீர்கள். 2023 அக்டோபரில் பிரிட்டனின் தேசிய நூலகமான பிரிட்டிஷ் லைப்ரரியின் கணினிகளை ஹேக்கர்கள் தாக்கி முடக்கினார்கள். பணம் கேட்டார்கள், நூலகம் கொடுக்கவில்லை. முதன்மைக் கேட்லாக்கைத் தேடிப் பார்க்கும் வசதி திரும்பி வரவே 2024 ஜனவரி பாதி ஆகிவிட்டது. இடையில் வாசகர்களுக்குக் கைகொடுத்தவை அச்சிட்ட பழைய கேட்லாக்குகளும் கையால் எழுதிக் கொடுத்த சீட்டுகளும். "பழைய கணினி அமைப்புகளை மாற்றாமல் வைத்திருந்ததுதானே அங்கே பிரச்சினை?" என்பீர்கள். ஆமாம். அந்த நூலகமே தன் அறிக்கையில் அதை ஒத்துக்கொண்டது. நானும் அதைத்தான் கேட்கிறேன். கணினியை ஒழுங்காகப் புதுப்பியுங்கள். பதிவுகளைத் திருத்துங்கள். திருத்தி முடிக்கும்வரை அட்டையைத் தொடாதீர்கள்.

"பணம் எங்கே இருக்கு?" என்று கேட்கிறவர்களுக்கு: நாம் கட்டும் சொத்து வரியோடு 10% நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், ரசீதை எடுத்துப் பாருங்கள். மென்பொருளுக்குக் காசே வேண்டாம். நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற சிறிய வட்டாரத்தின் நூலகம், தன் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்ததும், 1999இல் சொந்தமாக ஒன்றை எழுதவைத்து உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தது. கோஹா என்று பெயர். அதற்கு மாவோரி மொழியில் கொடை என்று பொருள். அதில் தமிழிலேயே தட்டலாம், தமிழிலேயே தேடலாம்.

"இடம் இல்லை" என்ற வாதத்துக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. புது வரவேற்புக் கூடத்தில் செயற்கை நீரூற்றுக்கு இடம் இருக்கிறது.

ஒரு கேள்வியை மட்டும் மதிக்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் கேட்டார்கள்: "அக்கா, எங்களுக்கு ஏசியும் பிளக் பாயின்ட்டும் வேண்டாமா?" வேண்டும் தம்பி, கட்டாயம் வேண்டும். படிக்கட்டில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு படித்தவர்கள் நீங்கள். நாங்கள் அங்கே வேலை பார்த்த ஐந்து மாதமும் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஆறு பேரும் சேர்ந்து பஸ் ஸ்டாண்டு வரை நடப்போம். மாதத்தில் அந்த மூன்று நாள் ஒருத்தி வரவேமாட்டாள், அந்த நாள் காசும் அவளுக்குப் போய்விடும். அதனால் புதுக் கட்டடத்தில் பெண்கள் கழிப்பறையைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழையதைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் என்று என்னைச் சொல்லாதீர்கள். அந்தப் பழைய கட்டடத்தில் எங்களுக்கு இடமே இல்லாமல் இருந்தது.

ஆனால் ஒன்றைக் கொடுக்க இன்னொன்றை ஏன் பிடுங்க வேண்டும்? சென்னை எழும்பூரில் இருக்கும் கன்னிமாரா நூலகத்தைப் பாருங்கள். கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின் வடிவமைத்து 1896 டிசம்பரில் திறந்த கட்டடம். இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி சட்டப்படி போய்ச் சேரவேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. இடம் போதாதபோது அந்தக் கூடத்தை இடிக்கவில்லை. பக்கத்தில் புதுக் கட்டடங்கள் எழுப்பினார்கள். நியூயார்க் பொது நூலகத்திலும் வாசிப்புக் கூடத்துக்குக் கீழே இருக்கும் ஏழு தளப் புத்தக அடுக்குகளை எடுத்துவிட்டு நவீனமாக்கப் பெரிய திட்டம் போட்டார்கள். வாசகர்களும் எழுத்தாளர்களும் விடாமல் எதிர்த்தார்கள், 2014இல் கைவிட்டார்கள். அவர்களை யாரும் குப்பை பொறுக்குகிறவர்கள் என்று சொல்லியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். என்னை இன்பாக்ஸில் சொன்னார்கள்.

பொது நூலகச் சட்டத்தைச் சுதந்திர இந்தியாவிலேயே முதலில், 1948இல், கொண்டுவந்தது நம் அன்றைய சென்னை மாகாணம். சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அந்த மாணவியின் நேரம் எவ்வளவு போயிற்று தெரியுமா? மூன்று முறை வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்து, இல்லை என்ற பதிலோடு திரும்பியிருக்கிறாள். புத்தகம் மாடியில் இருந்தது.

அந்தத் தமிழ் ஆசிரியருக்கு ஒன்று சொல்ல வேண்டும். சார், நீங்கள் லைக் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடது ஓரத்தில் ஒரு இழுப்பறை கவிழ்ந்து கிடக்கிறது. பித்தளைச் சட்டத்துக்குள் இருக்கும் துண்டுச் சீட்டில் 'வ – வி' என்று எழுதியிருக்கும். அது என் கையெழுத்து. பழைய சீட்டு கிழிந்துபோனதால் நான் எழுதி ஒட்டியது. வாழைப் புத்தகத்தின் அட்டை அதற்குள்தான் இருக்கிறது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே போகிறேன். அனுமதி கேட்டுக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். நனைந்த அட்டைகளை ஒட்டிக்கொள்ளாமல் பிரித்து, மின்விசிறிக் காற்றில் காயவைத்து, பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். பழைய செய்தித்தாள் நிறைய வேண்டும். வருகிறவர்கள் கொண்டுவாருங்கள்.