மே மாதம் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை

நகரத்துக்குள் மூடிய பெட்ரோல் பங்க் விலைக்கு வருகிறது என்றால் பெரும்பாலும் அது முனை மனை, இரண்டு பக்கமும் ரோடு. வாங்கப் போட்டி இருக்கும். "டேங்கை எடுத்தாச்சு, மண்ணை டெஸ்ட் பண்ணியாச்சு, எல்லாம் சுத்தம்" என்று ஒரு பக்க ரிப்போர்ட்டைக் காட்டுவார்கள். ஒரே நாளில் எடுத்த சாம்பிளை வைத்து எழுதிய அந்தத் தாளை நம்பி மனை வாங்காதீர்கள், அங்கே போர் போட்டுக் குடிக்காதீர்கள். பழைய டெப்போ, லாரி ஷெட், ஜெனரேட்டருக்கு டீசல் தேக்கி வைத்திருந்த ஆலை வளாகம் எல்லாவற்றுக்கும் இதைத்தான் சொல்வேன்.

காரணம் நிலத்தடி நீர்மட்டம். கசிந்த எண்ணெய் மண்ணுக்குள் இறங்கி, நீரைத் தொட்டதும் அதன் மேல் மிதந்து பரவுகிறது. சென்னையில் நீர்மட்டம் மே, ஜூனில் அடியில் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த டிசம்பர், ஜனவரியில் ஏறி நிற்கும். நீர் இறங்கும்போது எண்ணெயும் கூடவே இறங்கி, வழியெல்லாம் மணலில் ஒட்டிக்கொள்ளும். நீர் திரும்ப ஏறும்போது ஒட்டியது மேலே வராது, அங்கேயே மூழ்கிக் கிடக்கும். சில வருஷம் இப்படி ஏறி இறங்கினால், மெல்லிய படலமாக மிதந்தது ஓர் ஆள் உயரத்துக்குக்கூட மண்ணில் பூசப்பட்டுவிடும். பங்க் மூடி வருஷக்கணக்கான பிறகும், பெட்ரோலில் இருக்கும் புற்றுநோய் நச்சான பென்சீன் நீரில் கரைந்து வருவது இந்தப் பூச்சிலிருந்துதான்.

இப்போது ஒற்றைச் சாம்பிளின் கதையைப் பாருங்கள். நிலத்தடி நீரைச் சோதிக்கவென்றே போடும் கண்காணிப்புக் கிணற்றில் மே மாதம் ஒரு சாண் கனத்துக்கு எண்ணெய் நின்ற இடத்தில், டிசம்பரில் ஒரு துளிகூட மிதக்காமல் போகலாம். எண்ணெய் எங்கும் போய்விடவில்லை, நீருக்கடியில் மண்ணில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதே டிசம்பரில், மூழ்கிய எண்ணெயைச் சுற்றி நீர் ஓடுவதால் கரைந்த பென்சீன் கூடவும் வாய்ப்புண்டு. ஆகவே மிதக்கும் கனம், கரைந்த பென்சீன் இரண்டையும் இரண்டு பருவத்திலும் அளக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, குறைந்தது இரண்டு வருஷம். அதற்குக் குறைந்த எதையும் நான் ஏற்க மாட்டேன்.

கிணறு போடும்போதே தப்பு நடந்துவிடுகிறது. இரண்டு அங்குல பிவிசி குழாய் போதும். ஆனால் துளையிட்ட பகுதி, கோடையின் அடிமட்டத்துக்குக் கீழேயிருந்து மழைக்கால உச்சத்துக்கு மேல்வரை நீள வேண்டும். கோடையில் வந்த ரிக், அன்றைய நீர்மட்டத்தைப் பார்த்து அதற்குக் கீழே மட்டும் துளைக்குழாயை இறக்கிவிட்டுப் போகும். மழைக்காலத்தில் துளைகள் எல்லாம் நீருக்கடியில் இருக்கும். மேலே மிதக்கும் எண்ணெய் குழாய்க்குள் வரவே வழியில்லை. ரிப்போர்ட்டில் "எண்ணெய் இல்லை" என்று வரும். துளைப்பகுதியைச் சுற்றி வடிமணலைப் போட்டு, துளைப்பகுதிக்கு மேலேயும் இரண்டு அடிக்கு அதே மணலை நிரப்பி, அதன் மேல் இரண்டு அடிக்கு பெண்டோனைட் களிமண் அடைப்பு, பிறகு சிமெண்ட். இந்த அடைப்பு இல்லாவிட்டால் மேலே ரோட்டில் சிந்துகிற டீசலும் கிணற்றுக்குள் இறங்கிக் கணக்கைக் குழப்பும்.

லேப் ரிப்போர்ட்டில் "ஆயில் அண்ட் கிரீஸ்" என்ற ஒரே வரி மட்டும் இருந்தால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தச் சோதனையில் எண்ணெயைக் கரைப்பானில் பிரித்தெடுத்து, கரைப்பானைச் சூடாக்கி ஆவியாக்கி, மிச்சத்தை எடை போடுவார்கள். பெட்ரோலில் உள்ள பென்சீன், டொலுயீன் எல்லாம் கரைப்பானோடு சேர்ந்து பறந்துவிடும். பெட்ரோல் நாறும் மண்ணுக்கும் "கண்டறிய முடியாத அளவு" என்று பதில் வருவது இப்படித்தான். கேட்க வேண்டியது: பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் தனித்தனியாக, மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் (பெட்ரோல் வகையும் டீசல் வகையும் தனித்தனியாகப் பிரித்து), டீசலோ ஃபர்னஸ் ஆயிலோ என்றால் நாஃப்தலீன் வகைகளும். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். நம் இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 கனிம எண்ணெய்க்குத் தரும் எல்லை 0.5 மில்லிகிராம். இரண்டாவதில் தேறிவிட்டது என்பதற்காக முதலாவதில் தேறியதாக ஆகாது.

சாம்பிள் எடுக்கும் கை முக்கியம். டேங்கின் இரண்டு முனைக்கும் கீழே, குழியின் அடியிலிருந்து ஒன்று இரண்டு அடி ஆழத்தில், புரட்டப்படாத மண்ணில் எடுக்க வேண்டும். பம்ப் மெஷின் நின்ற இடத்திலும், குழாய் போன பாதையில் இருபது அடிக்கு ஒன்றுமாக எடுக்க வேண்டும். கசிவு டேங்கைவிடக் குழாய் இணைப்புகளில் இருப்பது சகஜம். ஐந்து கிராம் மண்ணைச் சிறு குழலால் குத்தியெடுத்து, எடை போட்ட மெத்தனால் குப்பியில் உடனே போட்டு மூட வேண்டும். 4 டிகிரி குளிரில் வைத்து 14 நாளுக்குள் சோதிக்க வேண்டும். மண்வெட்டியால் அள்ளி பிளாஸ்டிக் பையில் போட்டு, நாலு இடத்து மண்ணைக் கலந்து, வெயிலில் பைக்கில் எடுத்துப் போனால் லேபுக்குப் போய்ச் சேருவது பென்சீன் பறந்துபோன மண். களத்தில் ஆவி அளக்கும் பிஐடி கருவி பெட்ரோலுக்கு நல்ல துணை. டீசல் அவ்வளவாக ஆவியாகாது. அங்கே கருவி பூஜ்ஜியம் காட்டினால் மகிழ்ந்துவிட வேண்டாம்.

டேங்கை எடுப்பது உயிர் விஷயம். காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே பெட்ரோல் ஆவியும் காற்றும் வெடிக்கும் விகிதத்தில் கலந்திருக்கும். அடிக்கசடை உறிஞ்சி எடுத்த பிறகு, 1,000 லிட்டர் கொள்ளளவுக்கு ஏறத்தாழ 2 கிலோ உலர் பனிக்கட்டி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) என்ற கணக்கில் நொறுக்கிப் போட்டு, ஆக்சிஜனை மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் அளந்து 8 சதவீதத்துக்குக் கீழே வந்ததா என்று பார்க்க வேண்டும். அப்போதும் உள்ளே ஆள் இறங்கக் கூடாது, மூச்சு நின்றுவிடும். கேஸ் கட்டிங்கை மனையில் வைத்துச் செய்யவே வேண்டாம்.

இனி சுத்தம் செய்வது. எல்லா மண்ணையும் லாரியில் ஏற்றி அனுப்புவது வேகமான வழி, ஆனால் அனுமதி பெற்ற அபாயக் கழிவுக் கிடங்குக்குத்தான் போக வேண்டும். பள்ளமான மனைக்கு நிரப்பு மண்ணாக விற்றால் ஒரு மாசு மனை இரண்டாகிறது. டீசல் மண்ணை அங்கேயே பாக்டீரியாவைக் கொண்டு தின்ன வைக்கலாம். கணக்கு எளிது. ஒரு கன மீட்டர் மண், கிலோவுக்கு 5,000 மில்லிகிராம் டீசல் என்றால் உள்ளே இருப்பது சுமார் 8.5 கிலோ எண்ணெய். அதைத் தின்ன ஏறக்குறைய 29 கிலோ ஆக்சிஜன் வேண்டும், அதாவது 100 கன மீட்டருக்கு மேல் காற்று. கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் 100:10:1 என்று வைத்தால் ஒன்றரை கிலோ யூரியா, ஒரு கிலோ சூப்பர் பாஸ்பேட். யூரியாவை ஒரே தடவையாகக் கொட்டினால் அம்மோனியா ஏறி பாக்டீரியாவே சாகும். மூன்று நாலு தவணையாகப் போட வேண்டும். மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. அதுதான் ஈரப் பதம். குவியலைத் தார்ப்பாயால் மூடிவிட்டு மறந்து போனால் நடுப்பகுதி மூச்சுத் திணறும், வேலை நின்றுவிடும். பெட்ரோல் மண்ணை இப்படிப் புரட்டவே கூடாது, பென்சீன் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போகும். அதற்கு மண்ணுக்குள் குழாய் இறக்கி ஆவியை உறிஞ்சி, கரி வடிகட்டி வழியாக விட வேண்டும். அந்த இயந்திரம் ஓடும்போது எடுத்த அளவைக் கடைசி அளவாகக் காட்டுவார்கள். நிறுத்திச் சில மாதம் கழித்து அளந்தால்தான் உண்மை தெரியும், களிமண்ணுக்குள் இருந்தது மெதுவாக வெளியே வந்திருக்கும்.

இன்னொரு ஏமாற்று, நல்ல மணலைக் கலந்து ரிப்போர்ட்டில் வரும் அளவைக் குறைத்துக் காட்டுவது. இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. டீசலில் சி17 என்ற, 17 கார்பன் கொண்ட நேர்ச் சங்கிலியை பாக்டீரியா சீக்கிரம் தின்னும், பிரிஸ்டேன் என்ற கிளைச் சங்கிலியைத் தயங்கித்தான் தின்னும். இரண்டின் விகிதம் மாதாமாதம் இறங்கினால் வேலை நடக்கிறது. மொத்த ஹைட்ரோகார்பன் அளவு இறங்கி விகிதம் அசையாமல் நின்றால் மணல் கலந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

2013இல் தண்டையார்பேட்டையில் வீட்டுக் கிணறுகளில் எரிபொருள் மிதந்தது குழாய்க் கசிவால். அது கடற்கரை மணல், எண்ணெய் போகும் திசையை ஓரளவு கணிக்கலாம். இலங்கை யாழ்ப்பாணத்துச் சுண்ணாகம் அப்படியல்ல. மின் நிலையத்து எண்ணெய் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கியது. பாறை வெடிப்புகளின் வழியே ஓடும் நீருக்கு நாம் வரையும் அம்புக்குறி எதுவும் பொருந்தாது. 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் அங்கே 2 கோடி ரூபாய் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. அப்படிப்பட்ட பாறையில் நாலு கண்காணிப்புக் கிணறு போதாது, சுற்றியுள்ள தோட்டக் கிணறுகள் எல்லாவற்றையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு இன்னும் கவனம் வேண்டும். பாக்டீரியா முதலில் எத்தனாலைத்தான் தின்னும், மண்ணின் ஆக்சிஜன் அதற்கே தீர்ந்துவிடும். பென்சீன் தீண்டப்படாமல் இன்னும் தூரம் போகும், மீத்தேனும் சேரும். இனி மூடும் பங்க்குகளில் மீத்தேனையும் அளக்கச் சொல்லுங்கள்.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களுக்கென்றே தனி விதிகளை அறிவித்திருக்கிறது. ஆகவே கேட்பதற்கு இடம் இருக்கிறது. மனை வாங்குகிறவர்கள் கிணறு போட்ட ஆழப் பதிவு, ஒவ்வொரு அளவீட்டின் தேதி, அன்றைய நீர்மட்டம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். நீர்மட்டம் எழுதாத ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

எல்லாம் முடிந்த பிறகு அந்தக் கண்காணிப்புக் கிணறுகளை அப்படியே விட்டுவிட்டு மேலே தளம் போட்டுவிடாதீர்கள். கிணற்றுக்குள் ஒரு சிறு குழாயை அடிவரை இறக்கி, அதன் வழியே சிமெண்டும் பெண்டோனைட்டும் கலந்த குழம்பை அடியிலிருந்து மேலாக நிரப்பி அடைக்க வேண்டும். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று நின்று அடைப்பு அரைகுறையாகிவிடும்.