அரிசி டப்பாக்களுக்கு நடுவே ஒரு வகுப்பறை

கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் தமிழகத்தின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் வீட்டில் ஓய்வெடுத்தார்கள் என்ற பொருள்பட எழுதப்பட்ட ஒரு கட்டுரையைப் படித்ததால், அந்நாள்களில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2019-லேயே தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி உதவியது உண்மைதான். ஆனால் பென்சிலைத் தவறாகப் பிடிக்கும் பிள்ளையின் விரலை அது திருத்தாது.

சமையலறை அலமாரியில் இரண்டு அரிசி டப்பாக்களுக்கு நடுவே கைப்பேசியைச் செருகி, சிலேட்டில் 'ழ' எழுதும் என் கை மட்டும் தெரியும்படி காணொளி எடுப்பேன். குக்கர் விசில் அடித்தால் மறுபடியும் முதலிலிருந்து. பெற்றோரின் டேட்டா தீர்ந்துவிடும் என்பதால் மூன்று நிமிடத்தைத் தாண்டியதில்லை. பல வீடுகளில் இருந்த ஒரே கைப்பேசி அப்பாவுடன் வேலைக்குப் போய்விடும் என்பதால், வாட்ஸ்அப்பில் காலையில் அனுப்பியதைப் பிள்ளைகள் இரவு எட்டு மணிக்கு மேல்தான் பார்ப்பார்கள். அவர்கள் எழுதிய நோட்டுப் பக்கங்களின் படங்கள் பத்து மணி வரை வந்துகொண்டிருக்கும்.

கைப்பேசியே இல்லாத நான்கு பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள்களை என் செலவில் ஜெராக்ஸ் எடுத்து, ரேஷன் கடை வரிசையில் நின்ற தாய்மார்களிடம் கொடுத்தேன். அந்நால்வரில் ஒருத்தி, பள்ளி திறந்தபோது மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தும் தன் பெயரை முழுதாக எழுதத் திணறினாள் என்பதையும் நான் மறைக்கவில்லை.